பதினெட்டு ரூபாய் ரசீது

என் தம்பி தேவநேசன் பூனா பக்கம் சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனியில் லேத் வேலை பார்த்தான். 1978இல், இருபத்து நாலு வயதில், வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கப்போகிறேன் என்று வந்து நின்றான். தரகர் காட்டியது சிஞ்ச்வட்டிலேயே இரண்டு அறை. பதினோரு வருடமாக விஸ்வேஸ்வரன் என்ற கிளார்க் அதில் குடியிருந்தார். குடியிருக்க ஆள் இருந்ததால் பாதி விலை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

"மாசம் நூத்திருவது வாடகை வந்தா கடன் தானா அடைஞ்சிரும் அக்கா" என்றான்.

கம்பெனி சொசைட்டியில் ஐந்து வருடக் கடன். மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவனுக்குச் சம்பளம் இல்லாவிட்டால் ஜாமீன்காரர் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஜாமீன் போட்டது அதே கம்பெனியில் இருந்த என் வீட்டுக்காரர் மனுவேல்.

முதல் மாதம் நானும் கூடப் போனேன். விஸ்வேஸ்வரனின் மனைவி ருக்மிணி வெற்றிலைத் தட்டில் பதினெட்டு ரூபாய் வைத்து நீட்டினாள். புது முதலாளிக்கு வைக்கும் மங்கலப் பணம் என்று நினைத்தோம். "ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கோ" என்று விஸ்வேஸ்வரன் ஒரு ரசீதை நீட்டினார். தம்பி என்னைப் பார்த்தான்.

"பெரியவங்க கேக்காங்க, போட்டுக் குடு" என்று, அதை வாங்கிப் படிக்காமலே, நான்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் நூற்றிருபது கேட்டான். அவர் ரசீதை எடுத்துக் காட்டினார். "மாச வாடகை பதினெட்டுன்னு நீங்களே ஒத்துண்டு கையெழுத்துப் போட்டிருக்கேள். வாடகையை ஏத்தவோ எங்களைக் கிளப்பவோ முடியாது, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என் பக்கம். உங்க பேரன் வந்தாலும் பதினெட்டுதான்."

கடனுக்குப் பாதிச் சம்பளம் போயிற்று. ஒரு ஞாயிறு தம்பி ஆராதனைக்கு வராமல், அவர்களைக் கிளப்புவதற்காக அங்கே போய்த் தண்ணீர்க் குழாயை அறுத்தான். குழாயைப் பிடித்திருந்த கையில் விஸ்வேஸ்வரன் அம்மிக் குழவியால் அடித்தார். இரண்டாம் அடியும் அதே கையில் விழுந்தது. இரண்டு விரல் நசுங்கிப் போயிற்று.

நாலு மாதம் வேலையில்லை. தவணை மனுவேல் சம்பளத்தில் விழுந்தது. பூனாவில், தம்பியும் எங்களோடு இருந்த வீட்டில், பிள்ளைகள் பார்க்க, அவர் செருப்பைக் கழற்றினார்.

"ஏலே வீட்டு முதலாளி, ஒன் ரெண்டு ரூமையும் அவிச்சா என் பிள்ளைகளுக்குப் போட?"

முகத்திலேயே அடித்தார். தம்பி கையைத் தூக்கவில்லை. மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். குறுக்கே விழுந்த எனக்கும் அடி. பிறகு தம்பி எழுந்து, கதவுக்குப் போடும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு சிஞ்ச்வட்டுக்குக் கிளம்பினான்.

"ஜெபம் பண்ணிட்டுப் போடா தம்பி."

"நீயே பண்ணுக்கா."

அவன் ஏறிய லோகல் ரயில் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வண்டியில் ஜெபித்துக்கொண்டே போனேன். போனபோது எல்லாம் முடிந்திருந்தது. விஸ்வேஸ்வரன் முழங்கால் உடைந்து வாசலில் கிடந்தார். ருக்மிணி உலைநீரை ஊற்றியதில் தம்பியின் கழுத்துத் தோல் உரிந்து தொங்கியது.

"இன்னொரு கால் பாக்கி இருக்கு. அதையும் ஒடைச்சுட்டுப் போகச் சொல்லுங்கோ" என்றாள் என்னிடம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து விஸ்வேஸ்வரன் சொன்னார்: "இவனை ஜெயில்ல போட்டு எனக்கென்ன லாபம்? வீட்டை எம்பேர்ல எழுதிக் குடுக்கட்டும். கேஸை விட்டுடறேன்."

தம்பி முடியாது என்றான். அவன் ஜெயிலுக்குப் போனால் முழுக் கடனும் மனுவேல் தலையில். நான் அவன் காலைப் பிடித்தேன். எழுதிக் கொடுத்தான்.

வீடு போன பிறகும் ஐம்பது தவணைக்கு மேல் இருந்தது. லேத்தில் நிற்கக் கை உதவவில்லை. அதே கம்பெனியில் பாரம் தூக்கி 1983 வரை கட்டினான். அவனும் மனுவேலும் தினமும் ஒரே வண்டியில் போனார்கள், பேசிக்கொள்ளவில்லை. காலையில் இரண்டு டப்பாவிலும் ஒரே சோற்றைக் கட்டி, இருவர் பேரையும் சொல்லி ஜெபித்து அனுப்புவேன்.