குருட்டெண்ணெய்

“அ. வண்டி ஏன் நின்னுச்சு? ஆ. எப்பக் கெளம்பும்? இ. கெளம்பாதுன்னா, நடந்துபோற சனத்துக்கு யாரு பதில் சொல்றது?”

பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்த கண்டக்டர் தலையைத் தூக்கவில்லை. “அ-வுக்குப் பதில், கரி ஈரமாக் கெடக்கு. ஆ-வுக்கும் அதே பதில்தான். இ-க்கு நீங்கதாய்யா சொல்லணும். மெம்பரு நீங்கதான?”

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். கேள்வி கேட்டவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம் இடத்தில் வந்து உட்கார்ந்தார். யுத்தம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியும் தேனியிலிருந்து ஆண்டிபட்டி போகிற பஸ் இன்னும் பெட்ரோல் இல்லாமல் கரிப் புகையில்தான் ஓடுகிறது. அதைப் பற்றியும் அவர் சட்டசபையில் கேட்டிருக்கிறார். விஷயம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

சட்டசபை அங்கத்தினர் ராக்கையாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நெட்டை உருவம். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் நூல் கட்டியிருக்கிறது. கதர்ச் சட்டையின் பை எப்போதும் கர்ப்பிணி வயிறு மாதிரிப் புடைத்திருக்கும். உள்ளே முழுவதும் கேள்விகள். மின்சாரக் கம்பி ஆண்டிபட்டிப் பக்கம் எப்போது வரும், தறிக்காரர்களுக்கு நூல் ஏன் பாதிதான் கிடைக்கிறது, மில் எஞ்சின்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும் எண்ணெய் கிணற்று எஞ்சின்களுக்கு மட்டும் ஏன் இல்லை. போன வருஷம் சென்னைச் சட்டசபைக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு எதையும் மூன்று பிரிவாகக் கேட்டால்தான் கேட்ட மாதிரி இருக்கிறது. அல்லிநகரம் ஓட்டலில் காலையில் டம்ளரைப் பார்த்துக் கேட்டாராம்: “அ. இது காப்பியா? ஆ. ஆமுன்னா, கொட்டை எந்த வருசத்தது? இ. இல்லைன்னா, இது என்னது?” வீட்டில் சோறு போடும் அம்மாளின் கதியை நினைத்துப் பார்த்தேன். அவர் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருப்பார்.

நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆங்கிலம் தெரியாது; அதில் கூச்சமும் கிடையாது. அவர் சொல்லச் சொல்லக் கேள்விகளை எழுதிக் கொடுப்பவர் சுயம்புலிங்கம் என்கிற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பஸ்ஸில் என் பக்கத்தில் குடையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்து மக்கள் கிணற்று எஞ்சினுக்கு ஊற்றும் க்ரூட் ஆயிலைக் ‘குருடாயில்’ என்பார்கள். இன்னும் கொஞ்சம் தமிழாக்கிக் ‘குருட்டெண்ணெய்’ என்பவர்களும் உண்டு. ராக்கையா அந்தப் பெயரிலேயே, ஆண்டிபட்டி வட்டாரத்தில் குருட்டெண்ணெய்த் தட்டுப்பாடு இருப்பதை அரசாங்கம் அறியுமா என்று கேள்வி அனுப்பினார். சென்னையில் அதை மொழிபெயர்த்த யாரோ ஒரு குமாஸ்தா, இது குருடருக்குப் போடும் எண்ணெய் என்று தீர்மானித்துவிட்டார். கேள்வி சுகாதார இலாகாவுக்குப் போயிற்று. ஐந்து வாரம் கழித்துச் சபையில் பதில் வந்தது: ஜில்லாவில் கண் நோயாளிகளுக்கு வேண்டிய எண்ணெய் போதிய அளவு இருக்கிறது.

ராக்கையா எழுந்து துணைக் கேள்வி கேட்டார்: “எங்க எஞ்சினுக்குக் கண்ணு தெரியலைன்னு கனம் மந்திரி அவர்களுக்கு யாரு சொன்னாக?” சபை குலுங்கிச் சிரித்தது. மறுநாள் பத்திரிகைகளும் சிரித்தன. எங்கள் பத்திரிகை ஆசிரியர் பிரயாணச் செலவு கொடுத்து, ‘அந்த வேடிக்கை மனிதரைப் பற்றி எழுதிக்கொண்டு வா’ என்று என்னை அனுப்பினார்.

கரி பிடித்து வண்டி கிளம்பியது. அந்தக் கதையை அவர் வாயாலேயே கேட்க ஆசைப்பட்டேன். ராக்கையா ஜன்னலுக்கு வெளியே காய்ந்து கிடந்த சோளக்கொல்லைகளைப் பார்த்தபடி இருந்தார். சுயம்புலிங்கம் என் முழங்கையைத் தொட்டார்.

“அதைக் கேக்காதீக தம்பி. நாங்க இப்ப எழவு வீட்டுக்குப் போறோம்” என்றார் தாழ்ந்த குரலில். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

ஆண்டிபட்டிக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். ஆறு குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு கிணறு. எஞ்சின் வந்த மறு வருஷமே கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றுவிட்டார்கள். இந்த வருஷம் மழை இல்லை, எண்ணெயும் இல்லை. கிணற்றில் தண்ணீர் கிடந்தது. மேலே கொண்டுவரத்தான் வழியில்லை. சோளம் கதிர் வாங்கும் நேரம். மாட்டுக்குப் பதில் ஆண்கள் ஐந்து பேர் கமலை வடத்தைப் பிடித்துச் சரிவில் இறங்கி இழுத்தார்கள். முன்னால் இழுத்த ஒச்சாண்டி வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டான். ஆறாம் நாள் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. அவனோடு சேர்ந்து நாலு பேரும் பிடியை விட்டுவிட்டார்கள். இடுப்பில் கட்டியிருந்தவனால் விட முடியவில்லை. தண்ணீர் நிறைந்த சால் கிணற்றுக்குள் இறங்க, அது அவனை இழுத்துக்கொண்டுபோய்க் கமலைக் கல்லில் அடித்தது.

“சபையில எல்லாரும் சிரிச்ச அன்னைக்கு மறுநாள்” என்றார் சுயம்புலிங்கம். “க்ரூட் ஆயில்னு இங்கிலீசுல எழுதிப்புடுவோம்ணேன்னு நான் அப்பவே சொன்னேன். ‘எங்க சனம் எப்படிச் சொல்லுதோ அப்படித்தான் வாத்தியாரே கேப்பேன்’னு ஒத்தக் கால்ல நின்னாக. இப்ப மறுபடி எழுதி அனுப்பியிருக்கு. பதில் வர இன்னும் அஞ்சு வாரம் ஆகும்.”

சென்னையில் அந்தத் துணுக்கைப் படித்துவிட்டு நண்பர்கள் நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்தவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊருக்குள் நாங்கள் போனபோது உச்சி வெயில். ஒச்சாண்டியின் மனைவி முத்துப்பேச்சி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இராது. மெம்பரைப் பார்த்ததும் எழப் போனாள். அவர் கையமர்த்திவிட்டு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். துண்டை மடியில் போட்டுக்கொண்டார். மூன்று பிரிவு மனிதரிடம் அன்று ஒரு பிரிவுகூட இல்லை.

கடைசியில் அவள்தான் கேட்டாள். “அய்யா, எண்ணெ வேணும்னு நீங்க கேட்டீகளாமே. என்ன சொன்னாக?”

“கண்ணுக்குப் போடுற எண்ணெ நெறைய இருக்குன்னு சொன்னாக, ஆத்தா.”

அவள் நெற்றியைச் சுருக்கினாள். “கண்ணுக்கா? நீங்க அந்தச் சீட்டுல என்னன்னு எழுதுனீக?”

“குருட்டெண்ணெய்னு.”

“அப்படித்தான நம்ம எல்லாரும் சொல்லுவோம்?” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. “அதுல என்ன தப்பு? அவுகளுக்கு ஏன் வெளங்கலை?”

தப்பு தம்முடையது என்று ராக்கையா சொல்ல வருவது போல இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நூல் சுற்றிய பக்கம் காதில் நிற்காமல் நழுவியது.

வீட்டுச் சுவரோரம் எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கி வந்த தகர டின் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. ராக்கையா எழுந்து அதன் அருகே போய்க் குந்தினார். நிமிர்த்தி வைத்துத் துண்டால் புழுதியைத் துடைத்தார். பக்கவாட்டில் கறுப்பு மையில் எண்ணெயின் பெயர் ஆங்கில எழுத்துகளில் தெரிந்தது.

“வாத்தியாரே, இங்கன வாங்க. இதுதானா அது?”

“அதுதாண்ணே.”

“மொத எழுத்து என்ன?”

சுயம்புலிங்கம் சொன்னார். ராக்கையா சுட்டுவிரலை அந்த எழுத்தின்மேல் வைத்து, அதன் வளைவிலேயே மெல்ல இழுத்தார். அடுத்ததைக் கேட்டார். அதையும் எழுதினார். கடைசி எழுத்துவரை போனதும் விரலை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு, முதல் எழுத்தின்மேல் மறுபடி வைத்தார்.