பதினாறு அங்குல வீலும் பன்வில ரோடும்

அந்த வெள்ளைக் கார் கடைக்குள் வந்து நின்றபோது அதன் டிக்கி மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு, பின் ஸீட்டில் இரண்டு என்று நான்கு அலோய் வீல், டயரோடு. சின்னக் கார் அது. பின்பக்கம் பதிந்து போயிருந்தது.

கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலைப் பக்கம் ஒரு டயர் கடையில் பல வருடமாக வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். ஆட்களோடு பேசுவதற்குக் கூச்சம். சக்கரத்தோடு இருப்பது சுகம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காரை ஓட்டி வந்தவர் ஸுமையா. திகனயில் வீடு. நான்கு டீச்சர்மாரைக் காலையில் ஏற்றிக்கொண்டு பன்விலவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் விடுவார்; மத்தியானம் போய்க் கூட்டி வருவார். அந்த ஹயர் ஓட்டம்தான் அவருடைய தொழில். அடிக்கடி பஞ்சருக்கு வருவதால் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். பக்கத்து ஸீட்டில் இருந்து இறங்கியவரை அன்றுதான் முதல் தடவை பார்த்தோம். கத்தாரில் வேலை செய்யும் அவருடைய கணவர் பைசல், லீவில் வந்திருந்தார்.

எங்கள் முதலாளி ரஸீன் நானா எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார்.

"எப்ப வந்த தம்பி?"

"முந்தாநாள் நானா. வீல் எனக்கு முந்தியே வந்திட்டுது. தெரிஞ்சவர் ஒருத்தர்ட சாமானோட கப்பல்ல போட்ட. இவளுக்குச் செல்லல்ல. சப்ரைஸ்."

நான் ஒரு வீலை இறக்கித் தரையில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு அழகான வீல் எங்கள் கடைக்கு வருவது அபூர்வம். நடுவில் இருந்து மெல்லிய கம்பிகள் பூ மாதிரி விரிந்து போயின. ஓரத்தில் மட்டும் வெள்ளி, மற்ற இடமெல்லாம் கறுப்பு. ஹப்பில் உட்காருவதற்கான வளையம், அலோய்க்குரிய நட்டு, எதையும் அவர் மறக்கவில்லை. கார் மொடலைச் சொல்லி விசாரித்து, அளவு பார்த்து வாங்கியிருந்தார். போல்ட் ஓட்டை நான்கும் அச்சாகப் பொருந்தும். மனைவிக்கு நகை வாங்குகிறவன் கூட இவ்வளவு கவனமாக வாங்கமாட்டான்.

பைசல் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்த நேரம் ஸுமையா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மணியண்ண, இது நம்மட ரோட்டுக்குச் சரி வருமா?"

நான் டயரைப் பார்த்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அந்தக் காரில் இருந்தது பதினாலு அங்குல இரும்பு ரிம். வந்திருப்பது பதினாறு. சக்கரத்தின் மொத்த உயரம் கூடினால் மட்காட்டில் முட்டும், மீட்டரும் பிழையாகக் காட்டும். ஆகவே ரிம் பெரிதானால் டயரின் சுவரைக் குறைக்கிறார்கள். பழைய டயரின் சுவர் உள்ளங்கை அகலம் இருந்தது. இதில் மூன்று விரல்தான். குழியில் விழும்போது அடியை வாங்குவது அந்தச் சுவர். அது மெலிந்தால் அடி நேரே ரிம்முக்குப் போகும். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலோய் வெடித்தால் வெடித்ததுதான். போதாததற்கு இந்த வீல் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும் வகை; பின்னால் பாரம் ஏறினால் மட்காட்டில் உரசும்.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நான் வாயைத் திறப்பதற்குள் பைசல் எங்களிடம் வந்துவிட்டார்.

"எப்படி?" என்று கேட்டார்.

"சும்மா சொல்லக் கூடாது, அழகா ஈக்குது" என்றார் ஸுமையா. முகம் நிறையச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. அதுதான் சிக்கல். வீலைப் போட்டால் டீச்சர்மார் ஹயர் எத்தனை நாளைக்கு நிலைக்கும் என்று தெரியாது. போடாவிட்டால், கப்பலில் வந்த அந்த ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

முதலாளியின் வழக்கம்

ரஸீன் நானாவிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வீல் போட யார் வந்தாலும் "வேணாம்" என்று சொல்லமாட்டார், "நல்லது" என்றும் சொல்லமாட்டார். வீலை மாட்டச் சொல்வார். பிறகு கார் நிறைய ஆள் ஏற்றிப் பார்ப்பார். உரிமையாளரைப் பின் ஸீட்டில், சக்கரத்துக்கு மேலே உட்கார வைப்பார். எந்த ரோட்டில் அந்தக் கார் ஓடுகிறதோ அந்த ரோட்டுக்கே போவார். வேறு கடைகளில் சிரிப்பார்கள். காரைக் கழுவி, போட்டோ எடுத்து, அனுப்பிவிடுவது அவர்கள் வழக்கம்.

நாங்கள் நான்கையும் மாட்டினோம். பலன்சிங் பார்த்தோம். கார் உடனே வேறு காராக மாறிவிட்டது. எதிரே நின்ற ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள்.

"சரி, ஏறுங்க" என்றார் முதலாளி. "புள்ள, நீதான் ஓட்டுற. டீச்சர்மார் போற ரோட்டுக்கே போவோம்."

பைசல் முன்கதவைத் திறந்தார்.

"நீங்க பின்னுக்கு தம்பி. முன்னுக்கு நான். ஒரு டீச்சர்ட பாரம் எனக்கீக்கு."

"ஒரு டீச்சரா? ரெண்டு டீச்சர் முதலாளி!" என்றார் ஜயந்த. எலைன்மென்ட் பார்க்கிற அவரும் கனமான ஆள்தான். பின்னால் பைசல், நடுவில் நான், அந்தப் பக்கம் ஜயந்த. பழைய ஸ்பெயார் வீல் டிக்கியில் இருந்தது.

வத்தேகம வரைக்கும் கார் நூல் பிடித்த மாதிரிப் போனது. வளைவுகளில் ஆட்டமே இல்லை. பைசல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "பாருங்க, எப்படிப் புடிக்குது!" என்று என் தொடையில் தட்டினார். அவர் சொன்னது சரி. தார் ரோட்டில் அந்த வீலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் தலையாட்டினேன்.

தோட்ட ரோடு

பன்வில தாண்டித் தோட்ட ரோட்டில் திரும்பியதும் ஸுமையா கியரைக் குறைத்தார். முதல் குழியில் கார் இறங்கியபோது 'டங்' என்று ஒரு சத்தம் முதுகெலும்பு வரை வந்தது. அதற்குப் பிறகு அவர் நடை வேகத்துக்கு வந்துவிட்டார். ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் பாரத்தோடு ஒரு பக்கம் சாய்ந்தபோது, பைசலுக்கு நேர் கீழே 'கர்ர்' என்று உரசியது.

"அது என்ன சத்தம்?"

முதலாளி தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜயந்த என்னைப் பார்த்தார்.

"ஒண்டுமில்ல. புது டயர்தானே, பழகும்" என்றார் ஸுமையா.

அடுத்த வளைவிலும் உரசியது. பைசல் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு காதைக் கீழே வைத்திருந்தார்.

அதற்கு மேலே கொங்கிரீட் போட்ட ஒரு செங்குத்தான ஏற்றம். நடுவில் கொங்கிரீட் உடைந்து பெரிய பள்ளம். ஸுமையா அதற்கு முன்னால் காரை நிறுத்திவிட்டார்.

"ஏன் நிண்ட?" என்றார் பைசல்.

"சும்மாதான்."

"வழமையா இதுல நிப்பாட்டுறியா?"

"இல்ல. நிண்டா ஏறாது. பாரத்தோட வேகமா வந்து ஒரே ஏத்தா ஏத்தணும். இல்லாட்டி டீச்சர்மார் எறங்கி நடக்கணும்."

"அப்ப இப்ப ஏன் நிண்ட?"

ஸுமையா கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"ரிம்ம நெனச்சா?"

"நீங்க வாங்கினது. ஒரேயடியா ஒடச்சிர ஏலுமா?"

பைசல் கதவைத் திறந்து இறங்கினார். நாங்களும் இறங்கினோம். அவர் பள்ளத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். உடைந்த கொங்கிரீட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கத்தி மாதிரி இருந்தது.

"இதுல தெனமும் போறியா?"

"போகாம? பறந்தா போற?"

"ஒரு நாள் சரி செல்லல்லயே."

"சென்னா என்ன, அங்க இருந்து வந்து கொங்கிரீட் போடுறதா?"

ஜயந்த சிரித்துவிட்டார். பைசலும் சிரித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க செல்லுங்க. இந்த ரிம் இதுல தாங்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது.

"இன்னிக்குத் தாங்கும்ங்க. நாளைக்கும் தாங்கும். என்னிக்குத் தாங்காதுன்னுதான் சொல்ல முடியாதுங்க."

அவர் தலையாட்டினார். அந்த இடத்தில் காரைத் திருப்ப முடியாது. மேலே பாடசாலை வாசலில்தான் திருப்ப வேண்டும். நாங்கள் ஓரமாக நின்றோம். ஸுமையா காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய், தனியாக ஏற்றினார். வந்த வேகத்தில் ஒரு பக்கச் சக்கரத்தைக் கொங்கிரீட்டின் வெளி ஓரத்திலும் மறுபக்கச் சக்கரத்தைப் பள்ளத்தின் விளிம்பிலும் வைத்து, ஒரு கல் கூடத் தெறிக்காமல் மேலே போய்விட்டார். அந்தப் பக்கம் ஒரு அடி தள்ளிப் போயிருந்தால் தேயிலைக்குள் இறங்க வேண்டியதுதான். இத்தனை வருடத்தில் எத்தனையோ டிரைவர்மாரைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கை பார்த்ததில்லை.

பைசல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முதலாளியிடம் மெதுவாகச் சொன்னார்.

"நானா, நான் இந்தக் கார போட்டோவுல மட்டுந்தான் பாத்த. வீட்டுக்கு முன்னுக்கு நிக்கிற போட்டோ. அதுக்குத்தான் வீல் வாங்கின."

முதலாளி அவர் தோளில் கை வைத்தார்.

கழற்றியது

கடைக்குத் திரும்பியதும் முதலாளி கேட்டார்: "என்ன செய்வோம் தம்பி?"

"கழட்டுங்க."

"வேணாம்!" என்றார் ஸுமையா. "இருக்கட்டும் நானா. நான் மெதுவாப் போற. அவ்வளவு தூரத்தில இருந்து அனுப்பி..."

"மெதுவாப் போனா டீச்சர்மார் பிந்துவாங்க. பிந்தினா வேற வண்டி புடிப்பாங்க."

"நாலு நாளைக்காவது இருக்கட்டுமே. நீங்க போற வரைக்கும்."

"நான் போனதுக்குப் பொறகு கழட்டுறதா? அப்ப யாருக்குப் போடுற?"

காலையில் வீலைப் போட வந்தவர் கழற்றச் சொல்கிறார். போகும் வழியெல்லாம் அதை நினைத்துப் பயந்தவர் வேண்டாம் என்கிறார். நாங்கள் வேலை இருப்பது போல் அந்தப் பக்கம் போய்விட்டோம். கொஞ்ச நேரத்தில் ஸுமையாவின் குரல் கேட்டது: "சரி. ஆனா ஒரு போட்டோ எடுக்கணும். நீங்க கிட்ட நில்லுங்க. வீல் தெரியணும்."

ஜயந்ததான் படம் எடுத்தார். பிறகு பைசல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னிடமிருந்து வீல் ஸ்பானரை வாங்கி, முதல் நட்டைத் தானே தளர்த்தினார். பழைய இரும்பு ரிம்களுக்கு, சுவர் தடித்த நான்கு புது டயர் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்த்துத்தான் எடுத்தார். அலோய் வீல்கள் புத்தளத்தில் இருக்கும் அவருடைய மச்சானுக்குப் போகும் என்று பேச்சு. அங்கே ரோடு மட்டம்.

அவர்கள் போனபிறகு ஜயந்த முதலாளியிடம் கேட்டார்: "காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை நாள் மிச்சம்தானே முதலாளி?"

"சென்னா என்ன நடக்கும்? அந்தப் புள்ள மாப்புளய விட்டுக் குடுக்காது. நான் வேணாம் எண்டு சென்ன வீராப்புக்கே நாலையும் போட்டுக்கிட்டுப் போயிருக்கும். அவரும் நம்மளோட மொறச்சிக்கிட்டு லீவ முடிச்சிருப்பாரு. இப்ப பாரு, ஒருத்தருக்காக ஒருத்தர் சண்ட புடிச்சிக்கிட்டுப் போறாங்க."

ரஸீன் நானாவிடம் நான் வேலை பழகினேன் என்று சொல்வதெல்லாம் இந்த ஒன்றைத்தான். டயர் மாட்ட யாரும் சொல்லிக் கொடுக்கலாம். எங்கள் வேலையில், ஒருவர் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த பொருளை நாம் குறை சொல்லக் கூடாது. அவரே அதைப் பார்த்து முடிவுக்கு வர நேரமும் இடமும் கொடுக்க வேண்டும், அரை நாள் போனாலும் சரி.

இப்போது பெரிய வீலோடு யாராவது வந்தால், முதலாளி கடையில் இல்லாத நாளில், நான் இரண்டே கேள்விதான் கேட்கிறேன். கார் எந்த ரோட்டில் ஓடுது, பின்னால யாரு உட்காருவாங்க? சிலர் போட்டுக்கொண்டே போகிறார்கள். அவர்கள் ரோட்டுக்கு அது சரிதான். சிலர் கொஞ்சம் யோசிக்கிறார்கள். யோசிக்கிறவர்களிடம் நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறுகிறேன்.