எட்டாத எண்ணும் எனக்குக் குறைந்த இரண்டு மதிப்பெண்ணும்

எண்பதுகளின் தொடக்கத்தில் எம்.எஸ்சி. கணக்கு படித்தேன். அப்பா மில் தொழிலாளி. மகள் எதைப் படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "பெரிய பெரிய நம்பரு" என்பார். அவர் சொன்னது சரிதான். என் செமினாருக்கு வந்த தலைப்பே முடிவிலிகள். ஒன்றைவிட ஒன்று பெரிதாகப் போய்க்கொண்டே இருக்கும் முடிவிலிகள். அவற்றுள், கீழிருந்து எப்படி ஏறினாலும் எட்டவே முடியாத ஒன்று எப்படியெல்லாம் இருக்கும் என்று நிரூபித்து நான்கு பக்கம் எழுதியிருந்தேன்.

செமினாருக்கு முதல்நாள் மாலை, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து தோழியிடம் ஒப்பித்தேன். குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண், என் வகுப்புதான். சுண்டலை மென்றபடி கேட்டாள்:

"அது இருக்குன்னு எப்படிடி சொல்ற?"

"மேல மேல முடிவே இல்லாம போகுதில்ல? அப்ப எட்டாதது ஒண்ணு மேல இருந்துதானே ஆகணும்?"

"எங்கப்பா எவ்ளோ தூரம் போனாலும் கடல் முடியறதில்ல. அதனால அங்க எட்டாத தீவு ஒண்ணு இருக்குன்னு ஆயிடுமா? நீ அத சொல்லாமலே உள்ள வச்சிட்டடி."

"உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டு, மிச்சச் சுண்டலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கரும்பலகையை நிறைத்து எழுதி முடித்தேன். பேராசிரியர் பழைய பிரெஞ்சுப் படிப்புக்காரர், 'சார்' என்பதற்குப் பதில் பிரெஞ்சில் 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். "த்ரே பியான்!" என்று பாராட்டினார். வகுப்பே கைதட்டியது. அவளும் தட்டினாள், வாயைத் திறக்கவில்லை. அதுதான் என்னைக் குத்தியது. கேள்வி கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"முசே, இதுல ஒரு தப்பு இருக்கு" என்றேன். "அந்த எண் இருக்குன்னு நான் நிரூபிக்கல. இருக்குன்னு நெனச்சிட்டே எழுதிட்டேன். கண்டுபிடிச்சது இவதான்."

முசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"அட, ஆமா. பத்து வருஷமா நானும் இப்படித்தான் நடத்திக்கிட்டிருக்கேன்."

சாக்பீஸை வாங்கி, என் முதல் வரிக்கு முன்னால் 'அப்படி ஒன்று இருக்குமானால்' என்று சேர்த்தார். அதற்குக் கீழே இருந்த எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார். அதை அவளுக்குச் சேர்த்தும் விட்டார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஏன்டி, நான்தான் சும்மா இருந்தேனே?"

"அதனாலதான்டி" என்றேன்.


ஒரு வாரம் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.