மனுதாரர் எஸ்தர்

எஸ்தர் அக்காவின் மகள் காலையில் அழைத்தபோது தாம்பரத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். "அங்கிள், அம்மா தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்" என்றாள். சரி என்றேன். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன். பிறகு போகவேண்டிய இடத்துக்கே போய், வாங்கவேண்டிய பத்திரத்தாளை வாங்கினேன். மாடம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்ததைப் பார்த்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. இதை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது.

பள்ளி அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் காதில் இருந்த கருவி தெரியும். அது வந்த கதை பலருக்குத் தெரியாது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அவருக்கு வந்தபோது மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். நோய் போனது, கூடவே அந்த ஊசியால் காதும் போனது. கருவி இருந்தால் நேருக்கு நேர் பேசுவது கேட்கும்; கூட்டத்தில் கேட்காது.

ஊசியே வேண்டாத மாத்திரை பிறகுதான் வந்தது. காப்புரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்ததால் வேறு யாரும் அதைத் தயாரிக்க முடியவில்லை. மற்றவர்களும் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் தரவேண்டும் என்று, வழக்கறிஞன் என்ற முறையில் நோயாளிகளுக்காக மனு எழுதினேன். அது நடக்கவில்லை. காப்புரிமை முடியப்போகும் நேரத்தில் அதே மருந்தின் வேதியியல் உப்பு வடிவத்துக்கு அந்நிறுவனம் இன்னொரு காப்புரிமை கேட்டது. கிடைத்தால் இன்னும் சில ஆண்டுகள் பூட்டுதான். எதிர்த்து மனு போட, அந்த நோய் வந்த ஒருவரின் பெயர் வேண்டியிருந்தது.

அப்போது அவர் மகளுக்கு ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அவருக்கு வந்தது என்ன நோய் என்பது சபையில்கூடத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவராகவே முன்வந்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் நான்தான் கேட்டேன்.

"பேரு பேப்பர்ல வருமா சார்?"

"வரலாம் அக்கா."

"என்ன சீக்குன்னும் போடுவாங்களா?"

"போடுவாங்க."

"வேற யாரும் ஒத்துக்கலையா?"

"இல்ல."

"சரி, பேனா குடுங்க. இனிஷியலோட போடுங்க. வெறும் எஸ்தர்னா, அது நான் இல்லன்னு நானே சொல்லிடுவேன்."

செய்தி வந்தது. வரன் விலகியது. அக்கா என்னிடம் சொல்லவில்லை, மகள் சொல்லித்தான் தெரியும். மன்னிப்புக் கேட்கப் போனேன். "கையெழுத்து நான்தான போட்டேன்? டீ ஆறுது, குடிங்க" என்றார்.

விசாரணைக்கு என்னோடு வந்தார். நிறுவனத்தின் வழக்கறிஞர், மனுதாரருக்கு எப்போதோ குணமாகிவிட்டது, இந்த மருந்து அவருக்குத் தேவையே இல்லை என்றார். அக்காவுக்கு அது கேட்கவில்லை. தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"எனக்கு வேணாம்தான் சார். வேணும்ங்கிறவங்க எழுந்திரிக்க முடியாம படுத்திருக்காங்க. அதான் நான் வந்தேன்."

உப்பு வடிவம் புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இன்று வேறு நிறுவனங்களும் அந்த மாத்திரையைத் தயாரிக்கின்றன. மகளுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. கல்லறையில் அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

உத்தரவு வந்து சில மாதங்கள் கழித்து, வண்டலூரில் அந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த கவிதா என்ற கல்லூரிப் பெண்ணைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். அதை வைக்க அந்தப் பெண் அலமாரிப் பக்கம் திரும்பியதும், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, பக்கத்திலிருந்த எனக்கே அரைகுறையாகக் கேட்கும்படி, "கவிதா" என்றார்.

அவள் உடனே திரும்பினாள். "என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அக்கா.

அவர் காதுக்கே எட்டியிருக்காத அந்தக் குரலை நான் வைத்துக்கொள்கிறேன்.