இடது பக்கம் என்று சொன்னேன்

கல்லூரி இதழில் இரண்டு வருடமாக நான் எழுதிய எதுவும் உண்மையில்லை. கேன்டீன் குழம்பில் கிடந்த பல்லி மாணவர் தேர்தலில் நின்று ஜெயித்த கதை உட்பட. இது மட்டும் உண்மை. நம்பாதவர்கள் ஸ்கூடாய்க்கு வந்து அஹ்னாஃபைக் கேட்கலாம். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். எழுந்து வெளியே போய்விடுவான். அதையே சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அஹ்னாஃப் என் அறைத்தோழன். மூவார்க்காரன். அவன் வாப்பா அங்கே உணவுக்கடை வைத்திருக்கிறார். நானும் அவனும் இருக்கும் வாடகை வீட்டில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. பந்து விளையாட்டு பார்ப்பதென்றால் தரையில் படுத்துத்தான் பார்ப்போம். அப்போதுதான் இணையச் சந்தையில் அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்தேன். பழுப்பு நிறம். பட்டனை அழுத்தினால் முதுகு சாயும், கால் பக்கம் உயரும். விற்பவர் பெயர் பிரேமலா. ஊர் கூலாய். விலை எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

பழைய பொருளைப் பத்திரமாக வாங்குவது எப்படி என்று அதற்கு முந்தைய மாதம்தான் இதழில் எழுதியிருந்தேன். முன்பணம் அனுப்பாதே. தனியாகப் போகாதே. இருட்டிய பிறகு போகாதே. ஐசி அட்டை நம்பர், வங்கி எண், ஓடிபி எதையும் கொடுக்காதே. பொருளை ஓட்டிப் பார்க்காமல் பர்ஸைத் திறக்காதே. விற்கிறவன் திருடனாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். வாங்குகிறவன் திருடனாக இருந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. தோன்றவில்லை.

விலையைக் குறைக்க என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. தட்டி அனுப்பினேன்.

“ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு ஸ்ட்ரோக். படுத்தா மூச்சு முட்டுது. சாஞ்சு உக்காந்துதான் தூங்கணும்னு டாக்டர் சொல்றாரு. கொஞ்சம் பாத்துப் போடுங்க ஆன்ட்டி.”

என் அம்மா ஷாமளா அந்த நேரம் சிகாமட்டில் ஒரு பாலர் பள்ளிச் சமையலறையில் வாணலி நிறைய மீ கோரெங் பிரட்டிக்கொண்டிருந்திருப்பாள். காய்ச்சலுக்குக்கூடப் படுக்காத உடம்பு.

அஹ்னாஃப் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தான்.

“டேய் யுகேன்... அம்மாவ வச்சு வெளையாடாதடா.”

“சும்மாதான்லா.”

“எங்க உம்மாவுக்கு இப்படின்னு நான் எழுதியிருந்தா, வாப்பா என்னையக் கல்லுல போட்டு ரொட்டி சானாய் தட்டியிருப்பாரு.”

“அதான் எங்கம்மாவுக்குன்னு எழுதினேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு.

பதில் உடனே வந்தது. கைப்பேசியை நான் கீழே வைக்கக்கூட இல்லை.

“எந்தப் பக்கம் தம்பி?”

யோசிக்கவேயில்லை. “இடது பக்கம் ஆன்ட்டி.”

“பேச்சு வருதா?”

“கொளறுது.”

“முழுங்க முடியுதா?”

“கஞ்சிதான் குடுக்கிறோம்.”

ஒவ்வொரு பதிலுக்கும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம் அவர் கேட்டார்: “அம்மா பேரு, நட்சத்திரம் அனுப்பு. கோயில்ல அர்ச்சனை வைக்கிறேன்.”

ஓடிபி கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஐசி நம்பர் கேட்டிருந்தால் போலீசில் புகார் செய்திருப்பேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டால், நம் ஆட்களில் யார் தயங்கியிருக்கிறார்கள்?

நட்சத்திரம் எனக்குத் தெரியாது. அம்மாவையே அழைத்துக் கேட்டேன்.

“எதுக்குடா? கோயிலுக்குப் போறியா?”

“ஆமாம்மா.”

அம்மாவின் குரல் குழைந்துவிட்டது. “அனுஷம்யா. என் பேருக்கு நீ அர்ச்சனை வைக்கிறியா... நல்லா இருப்ப.”

அதை அப்படியே அனுப்பி வைத்தேன். ஷாமளா. அனுஷம். சிகாமட்.

“காசு வேணாம் தம்பி. அம்மாவுக்குத்தானே. வந்து எடுத்துட்டுப் போ.”

நான் துள்ளிக் குதித்தேன். அஹ்னாஃப் குதிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை 6.25-க்குக் கூலாய் போய்ச் சேர்ந்தோம். எல்லாம் என் கட்டுரைப்படி. துணைக்கு ஆள் உண்டு. இன்னும் வெளிச்சம் உண்டு. அஹ்னாஃபின் மாமா கடை வேனும் உண்டு. வீடு ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. அவன் வேனைத் திருப்பி நிறுத்தப் போனான். நான் மட்டும் உள்ளே போனேன்.

கேட் திறந்திருந்தது. வாசலில் செருப்பு ஒன்றுகூட இல்லை. ஆள் இருக்கும் வீட்டு வாசல் அப்படி இருக்காது. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு உள்ளே போனேன்.

“வா தம்பி.”

ஹால் நடுவில் நாற்காலி. அதற்குப் பின்னால், உள்ளறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். வெளிர்நிறப் புடவை. இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். தைல வாடை அடித்தது.

“லைட்டு போடட்டுமா ஆன்ட்டி?”

“வேணாம். கண்ணு கூசும்.”

பிளக்கைச் சொருகினேன். ரிமோட்டை அழுத்தினேன். உர்ர்ர்ர்... முதுகு சாய்ந்தது. மறுபடி அழுத்தினேன். நிமிர்ந்தது. உட்கார்ந்து பார்த்தேன்.

இருக்கை சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு.

“எந்தப் பக்கம்னு சொன்ன?”

எனக்கு ஒரு கணம் மறந்துவிட்டது. “வலது பக்கம் ஆன்ட்டி.”

“இடதுன்னு எழுதினியே.”

“ஆ... ஆமா. இடது.”

“சரியா சொல்லு தம்பி.”

குரலில் கோபம் இல்லை. தையல்காரர் அளவு கேட்பதுபோல்தான் கேட்டார். அங்கேயே சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு ஒன்றுமில்லை ஆன்ட்டி, பந்து பார்க்கத்தான் கேட்டேன் என்று. திட்டு வாங்கியிருப்பேன். வெறுங்கையோடு வேனில் ஏறியிருப்பேன். அந்த வெட்கத்துக்குப் பயந்தேன்.

“இடதுதான் ஆன்ட்டி.”

“சரி. இனிமே அம்மாவ நான் பாத்துக்கிறேன்.”

பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்வதுதானே என்று நினைத்தேன்.

அஹ்னாஃப் உள்ளே வந்தபோது அவர் அங்கே இல்லை. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். நாற்காலி அசையவில்லை.

“அலமாக்! என்னடா இது, ஆளோட சேத்து விக்கிறாங்களா?”

“மெல்லப் பேசுடா. உள்ள இருக்காங்க.”

எப்படியோ இழுத்து வேனில் ஏற்றினோம். சொல்லிக்கொண்டு போகலாம் என்று வாசலில் நின்று கூப்பிட்டேன். இரண்டு முறை. பதில் இல்லை. மணி 6.50.

ஸ்கூடாய் நெரிசலில் ஊர்ந்து வீடு சேர 7.45 ஆகிவிட்டது. வேன் கதவைத் திறந்தோம். நான் கை வைப்பதற்குள் அஹ்னாஃப் ஒற்றை ஆளாக நாற்காலியைத் தூக்கிவிட்டான்.

தூக்கியவன் அப்படியே நின்றான்.

“டேய்... வழியில யாராச்சும் எறங்கிட்டாங்களா?”

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். இருவரும் சிரிக்கவில்லை.

8.40. அம்மா அழைத்தாள்.

“ஏன்டா யுகேன், யாருடா அந்த அக்கா?”

“எந்த அக்கா?”

“நீதான் அனுப்புனேன்னு சொன்னாங்க. கூலாய்க்காரங்களாம். கோயில் விபூதி கொண்டாந்து நெத்தியில பூசிவிட்டாங்க. நல்ல மனுசி. என் கைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டாங்க, விடவே இல்ல.”

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“எப்பம்மா வந்தாங்க?”

“வெளக்கேத்துற நேரம். ஏழேகால் இருக்கும்.”

கூலாயிலிருந்து சிகாமட்டுக்கு எப்படி ஓட்டினாலும் ஒன்றரை மணி நேரம். அவர் வீட்டைவிட்டு நாங்கள் கிளம்பியதே ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான். ஏழேகாலுக்கு நாங்கள் வேனில் இருந்தோம். நாற்காலியும் வேனில் இருந்தது.

அடுத்ததாக இன்னொன்று உறைத்தது. இரண்டு கையாலும்...

கூலாயில் அந்த இடது கை தலைப்பை விட்டு வெளியே வரவேயில்லை.

“அம்மா... எந்தக் கையப் புடிச்சாங்க?”

“இடது கை. ஏன்டா?”

உர்ர்ர்ர்...

எனக்குப் பின்னால்.

திரும்பினேன். நாற்காலி சாய்ந்துகொண்டிருந்தது. மெதுவாக... மிக மெதுவாக...

அஹ்னாஃப் சுவரோடு ஒட்டி நின்றான்.

பிளக் அவன் கையில் இருந்தது.

“அம்மா. அந்தக் கைய ஆட்டிப் பாரும்மா.”

“மரத்த மாதிரி... இருக்குடா. காலையில... சரியாயி...”

“அம்மா?”

“சரி... யா...”

குளறியது.

நான் எழுதி அனுப்பிய மாதிரியே குளறியது.

மறுமுனையில் ஏதோ விழுந்தது. பாத்திரமா...

இல்லை.

நாற்காலி முழுதாகச் சாய்ந்து நின்றது.

பக்கத்து வீட்டு ராஜசேகரன் அங்கிளை அழைத்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் சமையலறைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். அம்மா தரையில் கிடந்திருக்கிறாள். நெற்றியில் விபூதி கலையாமல் இருந்ததாம். அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அன்றிரவே பாலம் தாண்டி ஓடி வந்தார். அம்மாவை நேரத்தோடு கொண்டு வந்ததால் உயிர் தங்கியது என்றார்கள் மருத்துவமனையில். இடது பக்கம் மட்டும் விழுந்துவிட்டது. தட்டையாகப் படுக்க வைக்காதீர்கள், கஞ்சி மட்டும் கொடுங்கள் என்றார் டாக்டர். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எனக்கு எல்லாம் ஏற்கெனவே மனப்பாடம்.

சில நாள் கழித்து, மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து, பிரேமலாவின் கணக்கில் இருந்த எண்ணை அழைத்தேன். நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும். காலில் விழவும் தயாராக இருந்தேன்.

எடுத்தது ஓர் இளம்பெண். லோஷினி என்றார். பிரேமலாவின் மகள்.

“அம்மா தவறி எட்டு மாசமாச்சுங்க. அவங்க நம்பர் என்கிட்டதான் இருக்கு. என்ன விஷயம்?”

கூலாய் வீடு, நாற்காலி, சனிக்கிழமை எல்லாம் சொன்னேன்.

“நாங்க விக்கிறதுக்கு எதையும் போடலிங்க. அந்த வீடு பூட்டிக் கெடக்கு. கரண்டக்கூட வெட்டிட்டாங்க.”

“ஓட்டிப் பாத்தேங்க. ஓடுச்சு.”

தயங்கித் தயங்கி அடுத்ததைக் கேட்டேன்.

“உங்கம்மாவுக்கு... என்னவா இருந்துச்சு?”

“ஸ்ட்ரோக். மூணு வருஷம் அந்தச் சேர்லதான். இடது கை கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.” பிறகு மெல்லக் கேட்டார். “நீங்க யாருக்கு வாங்கினீங்க?”

“எனக்குத்தாங்க. பந்து பாக்க.”

இந்த விவகாரத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது. அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

அம்மா வீட்டுக்கு வரும் நாள் வந்தது. “உன் கூட்டாளி சொன்னான், உன்கிட்ட ஒரு சாய்வு சேர் இருக்காமே,” என்றார் அப்பா. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். “வீட்டுல இருக்கிறத விட்டுட்டு எதுக்குடா புதுசு?” ஏன் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. நாற்காலி சிகாமட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் அம்மா சொல்கிறாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். வார்த்தை வார்த்தையாகத்தான் வரும். “எம் புள்ள... எனக்கு வர்றதுக்கு... முன்னாடியே... வாங்கி வச்சிருந்தான்.” அத்தைகள் கண்ணைத் துடைக்கிறார்கள். இந்தக் காலத்தில் இப்படியொரு பிள்ளையா என்று என் தலையைத் தடவுகிறார்கள். நான் குனிந்துகொள்கிறேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

நேற்று அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி ஒலித்தது.

அந்த இணையச் சந்தையில் வாங்கியவர் விற்றவருக்கு மதிப்பெண் போடலாம். விற்றவரும் வாங்கியவருக்குப் போடலாம். எனக்கு ஒன்று வந்திருந்தது. ஐந்துக்கு ஐந்து.

போட்டவர் பெயர் பிரேமலா.

கீழே ஒரு வரி எழுதியிருந்தது.

“நல்ல தம்பி. சொன்னதெல்லாம் உண்மை.”