இருநூற்றைந்து, ஐம்பது

அந்த டயர் கடையில் அவளை எல்லோரும் டேப்பம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தொன்று. சீருடைப் பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும். யாராவது பெரிய அலாய் வீல் வாங்கி வந்து, "இதுக்கு என்ன டயர் போடலாம்?" என்று கேட்டால், முதலாளி அவள் பக்கம் கையைக் காட்டிவிடுவார்.

அவள் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள். இந்த வேலைக்கு அந்தப் பயம் பொருத்தமாக அமைந்துவிட்டது. சக்கரம் இரண்டு அங்குலம் பெரிதானால் அதைச் சுற்றியிருக்கும் ரப்பரின் உயரம் மேலும் கீழுமாகச் சேர்ந்து அந்த அளவுக்குக் குறைய வேண்டும், மொத்த உயரம் கம்பெனி கொடுத்ததை ஒட்டியே இருக்க வேண்டும் என்பாள். டயரை மாட்டியதும் கடைப் பையன்கள் நாலு பேரைக் காருக்குள் ஏற்றி, டிக்கியில் இரண்டு மணல் மூட்டையை வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடிக்கச் சொல்வாள். டயர் எங்கும் உரசவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சாவி கைமாறும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அத்தான் வந்தார். அக்காவின் கணவர். உரக்கப் பேசுகிறவர், உரக்கச் சிரிக்கிறவர். முதலாளியிடம் சொல்லி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். டயர் மாட்டாத பதினேழு அங்குலச் சக்கரங்கள் நான்கு அவர் காருக்குள் பளபளத்தன. காரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை பதினைந்து அங்குலம்.

"நாற்பத்தஞ்சு போடுங்க அத்தான்," என்றாள். "இருநூற்றைந்து மில்லிமீட்டர் அகலம், அதுல நாற்பத்தஞ்சு சதவீதம் ரப்பரோட உயரம். பழைய டயர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட சரியா வரும்."

"அது தோசைக்கல்லுக்கு விளிம்பு கட்டின மாதிரி இருக்குமே. ஐம்பது போடு. சக்கரத்துக்கு மேல இருக்கிற சந்து மறையணும், பார்க்க எடுப்பா இருக்கணும்."

"உயரம் கூடிடும் அத்தான். இந்தச் சக்கரம் வேற கொஞ்சம் வெளிய தள்ளி உட்காருது."

"எத்தனை மில்லிமீட்டர் கூடும்?"

"மேல பக்கம் ஏழெட்டு."

"ஏழெட்டு மில்லிமீட்டருக்கா இந்தப் பாடு படுத்தறே?" என்று அவர் சிரிக்க, பையன்களும் சிரித்தார்கள். "நான் ஊருக்குள்ளதான்மா ஓட்டப்போறேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. ஐம்பதையே மாட்டச் சொன்னாள். பின்சக்கரத்துக்கும் அதன் மேலிருக்கும் தகட்டு விளிம்புக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் போனது. காலிக் காரில் ஒரு விரல். பையன்களை ஏற்றிப் பார்க்க வாயெடுத்தாள். "நேரமாச்சு, சாவியைக் கொடு," என்றார் அத்தான். கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தாள். குரலில் ஒரே குதூகலம்.

"மலை ஏறிட்டு இருக்கோம்டி! அணைக்கட்டு பார்க்கப் போறோம். உன் புது டயர் என்ன பின்னாடி எலி கொறிக்கிற மாதிரி சத்தம் போடுது?"

"யார் யார் இருக்கீங்க?"

"எல்லாரும்தான். மாமனார், மாமியார், பொண்ணுங்க ரெண்டு பேரும். டிக்கி நிறைய சாமான்."

"எப்பல்லாம் சத்தம் வருது?"

"வளைவுல வருது. பள்ளத்துல விழுந்தா வருது."

"அக்கா, வண்டியை நிறுத்தச் சொல்லு. இப்பவே. ஓரமா —"

லைன் அறுந்துவிட்டது. மறுபடி அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. அதே குரல், அதே வாக்கியம். ஆறு பேரின் பாரத்தில் கார் பின்புறம் அமுங்கியிருக்கும். வளைவில் இன்னும் சாயும். தகட்டு விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் டயரின் மேல் விளிம்பான தோளைச் சீவிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் எதில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

முதலாளியிடம் ஓடினாள். அவர் ஒன்றும் கேட்காமல் பிக்கப் வண்டியின் சாவியை எடுத்து மெக்கானிக்கிடம் எறிந்தார். அத்தான் கடையிலேயே விட்டுப்போன பழைய சக்கரங்கள் நான்கையும் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

அடிவாரம் வர நாற்பது நிமிடம். வழியெல்லாம் அவள் போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஏற்றம் தொடங்கியதும் மெக்கானிக் சொன்னார், "பதறாதீங்கம்மா. ஒண்ணும் ஆகியிருக்காது."

"மெதுவா போங்க. ஓரத்தைப் பார்க்கணும்."

எதைப் பார்க்கப் போகிறோம் என்று அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவர் முழுசாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். ஐந்தாம் வளைவு முழுசாக இருந்தது. ஆறாவதும். ஏழாம் வளைவில் சுவர் இரண்டு கெஜத்துக்கு இடிந்து கிடந்தது. "நிறுத்துங்க!" என்று அலறினாள். இறங்கி ஓடினாள். இடிந்த இடத்தில் புல் முளைத்து, அதன் மேல் பாசியும் படர்ந்திருந்தது. எப்போதோ இடிந்தது. திரும்பி வந்து வண்டியில் ஏறினாள்.

பதினோராம் வளைவு தாண்டி, சாலை கொஞ்சம் அகலமான இடத்தில் கார் நின்றுகொண்டிருந்தது. அக்காவின் சின்ன மகள் வாந்தி எடுத்துவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அதற்காகத்தான் ஒரு மணி நேரமாக நிறுத்தியிருந்தார்கள். வேறு எந்தக் காரணமும் இல்லை.

"நீ எங்கடி இங்க?" என்றாள் அக்கா.

அவள் நேரே போய்ப் பின்சக்கரத்தின் அருகே மண்டியிட்டாள். வலது டயரின் வெளித்தோளில் ஒரு பட்டை சுற்றிலும் சீவப்பட்டு, உள்ளிருக்கும் கம்பி இழைகள் வெளியே தெரிந்தன. இரண்டு இடத்தில் இழை அறுந்தே போயிருந்தது.

அத்தான் எட்டிப் பார்த்தார். "லேசா உரசியிருக்கு. மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்."

"முடியாது."

"என்ன முடியாது? இன்னும் எட்டு கிலோமீட்டர்தான்."

"இந்த டயர்ல எட்டு அடிகூட எங்க அக்காவை ஏத்த மாட்டேன்." தன் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. அத்தானிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் இன்னொரு முறை குனிந்து அந்த இழைகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து தள்ளி நின்றுகொண்டார். மெக்கானிக் பிக்கப்பிலிருந்து ஜாக்கியை இறக்கினார்.

பழைய சக்கரங்கள் ஏறியதும் யாருக்கும் அணைக்கட்டு பார்க்க மனமில்லை. இறங்கும்போது அக்கா காரில் ஏறவில்லை. பிக்கப்பில் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாலு வளைவு தாண்டியதும் கேட்டாள்:

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. அத்தான் மேல் பழியைப் போட்டாலும் யாரும் மறுக்கப் போவதில்லை.

"சந்தேகம் இருந்துச்சுக்கா. பாரம் ஏத்திப் பார்த்திருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்க, கூசிப்போய் விட்டுட்டேன்."

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டு வாசலில் இறங்கியபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஏழு வாரம் போன் இல்லை. அந்த ஏழு வாரமும் கடையில் யாராவது பெரிய சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தால் அவள் டேப்பைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலையை விட்டுவிடுவதாக முதலாளியிடம் இரண்டு முறை சொன்னாள். "பயப்படாத ஆளை வச்சு நான் என்னம்மா செய்ய?" என்று அவர் விடவில்லை. அத்தான் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, சீவிப்போன டயர்களைக் கழற்றி அழிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவைப் பற்றி அவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

எட்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை மதியம் போன் அடித்தது. அக்கா.

"பழைய டயர் நாலும் வழவழன்னு தேஞ்சுபோச்சாம். புதுசு போடணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "என்ன சைஸுன்னு சொல்லு. நீ சொல்றதைத்தான் போடுவேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

அந்தக் காரின் அளவு அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

"போன்ல சொல்ல மாட்டேன்க்கா," என்றாள். "பாரம் ஏத்திப் பார்க்கணும். வண்டியை எடுத்துக்கிட்டு நீயும் வா."