டேப் ஓடாதபோது சொன்னது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ‘சப்ளை செயின்’ என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்தது. பல்லாவரத்தில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பட்டறை முதலாளி முதல் நாள் அதைக் கேட்டுப் பதறிவிட்டார்.

“இன்னாமா, செயினை எவனாவது அறுத்துகினு பூட்டானா? போலீசாண்ட போம்மா.”

தோல் எங்கிருந்து வருகிறது, தைத்த சரக்கு தாம்பரம் ஷூ கம்பெனிக்கு எப்படிப் போகிறது, நடுவில் எங்கே தாமதமாகிறது என்று ஆராய்ச்சி செய்கிறேன் என விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

எண்களை விட்டுவிட்டு மனிதர்களின் பேச்சைக் கேட்டு எழுதுவது என் முறை. என் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு இந்தப் பட்டறையைப் பற்றிய அத்தியாயம்தான் உயிர். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, மின்சார ரயிலில் நசுங்கி, டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் பட்டறைக்குப் போனேன்.

பட்டனை அமுக்கியதும் மனிதர் ஆளே மாறிவிடுவார். காலரைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, “கம்பெனி நிர்வாகத்தினர் எங்களுக்கு நல்ல ஒத்துழைப்பு நல்கி வருகின்றனர்” என்பார். வானொலிச் செய்தி தோற்றது போங்கள். தாமதமே இல்லையா என்று கேட்டால், “தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.” அவர் முதுகுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் வேலையில்லாமல் சும்மா நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பட்டனை நிறுத்தினால்தான் விஷயம் வெளியே வரும்.

“கம்பெனிக்காரன் டிசைனை மாத்திடுவான்மா, மாத்தினதைச் சொல்ல மாட்டான். வெட்டின தோலு அப்பிடியே கீது பாரு. லேட்டானா என் தலையில கட்டிடுவான். ஒரே பேஜாரு.”

“இதையே டேப்ல சொல்லுங்கண்ணா.”

“ஆர்டர் பூடும்மா. பேர் போடாம நீயே எழுதிக்க.”

அப்படியே எழுதினேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, “டேப்ல இருக்கறதை மட்டும் எழுதும்மா, மீதியெல்லாம் வதந்தி” என்றார். டேப்பில் இருப்பதை மட்டும் எழுதினால், பல்லாவரத்திலிருந்து தாம்பரம் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் சொர்க்கம் நடக்கிறது என்றுதான் எழுத வேண்டும். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. ரிக்கார்டரை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன்.

“நீங்க சொல்றதைப் பதிவு பண்ணிக்கறேன் சார்.”

சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆய்வாளர் தமக்குரிய முறையைத் தேர்ந்தெடுக்க முழு உரிமை பெற்றவர்” என்றார்.

நிறுத்தினேன். அவர் குரலும் இறங்கியது.

“நம்ம செமினாருக்கெல்லாம் அந்தக் கம்பெனிதான் ஸ்பான்சர். மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதும்மா. அந்த சாப்டரை எடுத்துடு.”

எடுத்துவிட்டேன். மீதியை வைத்துப் பட்டம் கொடுத்தார்கள். சரக்கு எங்கே தாமதமாகிறது என்பதற்கு மட்டும் என் ஆய்வேட்டில் பதில் கிடையாது.